புதுக் கணினிக்கு இணையம் வரவில்லையா? மடை மடையாகப் பார்க்க வேண்டும்

செஞ்சி வட்டாரத்தில் நெல், மணிலா, உளுந்து, கரும்பு ஆகியவை முக்கியப் பயிர்கள். இப்பயிர்களைச் சாகுபடி செய்யும் விவசாயிகளுக்கு விதையும் உரமும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவையானதாக இணைய இணைப்பும் ஆகிவிட்டது. சிட்டா நகல் எடுப்பது, 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய வேளாண் சந்தையில் விலை பார்ப்பது, 2018 முதல் நடைமுறையில் உள்ள உழவன் செயலியில் மானியத்திற்குப் பதிவு செய்வது, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வானிலை வேளாண் அறிக்கையைப் படிப்பது ஆகிய எல்லாம் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன.

ஆகவே பல வீடுகளில் ஒளியிழை இணைப்பு பெற்று, அதனுடன் ஒரு ரூட்டர் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டதால், பழைய கணினியை மாற்றிப் புதியது வாங்கியவர்களும் உண்டு. புதுக் கணினியைப் பிரித்து மேசை மேல் வைத்து இயக்கியதும் ‘இணைப்பு இல்லை’ என்று காட்டினால், பலரும் செய்வது இரண்டில் ஒன்று. நல்ல ரூட்டரைக் கெட்டுவிட்டது என்று எண்ணி மாற்றுகிறார்கள். அல்லது பின்புறமுள்ள சிறு துளையில் குச்சியை விட்டு அழுத்தி, இருந்த அமைப்பையும் அழித்துவிடுகிறார்கள். இரண்டும் வீண் செலவு.

காலத்தின் அருமை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வயல்கள் நீரில் மூழ்கின. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடைக்குப் பிந்திய இழப்புக்கும் காப்பு உள்ள பயிரை அறுத்து வயலில் உலர விட்டிருக்கும்போது புயல் மழையில் சேதமானால், 72 மணி நேரத்திற்குள் தகவல் கொடுக்க வேண்டும். காப்பீடு செய்வதற்கும் கடைசி நாள் உண்டு. அந்த நாளில் வீட்டு இணையம் நின்றுவிட்டால் பழுது பார்ப்பவர் வரும் வரை காத்திருக்க முடியாது. பழுது எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது அரை மணி நேரத்தில் கண்டறியத் தெரிந்திருப்பது நலம்.

இணையம் வரும் வழி

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. கிணற்றில் நீர் உள்ளதா, மோட்டார் ஓடுகிறதா, வாய்க்கால் உடைந்துள்ளதா, வயலின் மடை திறந்துள்ளதா என்று வரிசையாகப் பார்க்கிறார். இணையத்தையும் அதே முறையில்தான் பார்க்க வேண்டும்.

கம்பத்திலிருந்து வரும் ஒளியிழை கிணறு போன்றது. சுவரில் மாட்டியுள்ள பெட்டி, இழையில் வரும் ஒளியை மின் குறியீடாக மாற்றுகிறது. ரூட்டர் அதைப் பல கருவிகளுக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. பெரும்பாலான வீடுகளில் இவ்விரு வேலைகளையும் ஒரே பெட்டி செய்கிறது. இது மோட்டாருக்குச் சமம். பெட்டிக்கும் கணினிக்கும் இடையே காற்றில் செல்லும் ‘வை-ஃபை’ அலையே வாய்க்கால். கணினியில் உள்ள ஏற்பி மடையாகும். பழுது இந்த நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்.

கைப்பேசியே சோதனைக் கருவி

பழுது எந்த இடத்தில் என்பதை அறிய வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றே போதும். கீழ்க்கண்ட இரு சோதனைகளையும் செய்ய வேண்டும்.

முதல் சோதனை: கைப்பேசியில் ‘மொபைல் டேட்டா’வை நிறுத்திவிட்டு, வீட்டு வை-ஃபையில் மட்டும் இணைத்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். டேட்டாவை நிறுத்தாவிட்டால், வீட்டு இணைப்பு செத்திருந்தாலும் கோபுரத்திலிருந்து இணையம் வந்து பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

இரண்டாம் சோதனை: டேட்டாவைத் திரும்பப் போட்டு, கைப்பேசியில் ‘ஹாட்ஸ்பாட்’ வசதியை இயக்கி, அதில் புதுக் கணினியை இணைத்துப் பார்க்க வேண்டும். இராஜகிரி, கிருஷ்ணகிரி போன்ற மலைகளின் மறைவில் உள்ள வீடுகளில் கோபுர அலை குறைவாகக் கிடைக்கலாம். அங்கு மாடியிலோ தெருப்பக்கத்திலோ வைத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டின் முடிவையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1. வீட்டு வை-ஃபையில் கைப்பேசி வேலை செய்யவில்லை. ஹாட்ஸ்பாட்டில் கணினி வேலை செய்கிறது: கணினி நன்றாக உள்ளது. பழுது இழையிலோ பெட்டியிலோ இருக்கிறது.

2. வீட்டு வை-ஃபையில் கைப்பேசி வேலை செய்கிறது. கணினி எதிலும் வேலை செய்யவில்லை: பழுது கணினியில் உள்ளது.

3. இரண்டு சோதனையும் சரி. ஆனால் கணினியும் வீட்டு ரூட்டரும் மட்டும் ஒத்துப்போகவில்லை: கடவுச்சொல், அலைவரிசை, பாதுகாப்பு முறை, முகவரி ஆகியவற்றில் ஒன்று பொருந்தவில்லை. அல்லது கணினி உள்ள இடத்திற்கு அலை எட்டவில்லை.

4. இரண்டும் சரியில்லை: முதலில் இழையையும் பெட்டியையும் சரி செய்துவிட்டு, பிறகு கணினியைப் பார்க்க வேண்டும்.

இழையும் பெட்டியும்

பெட்டியின் முகப்பில் உள்ள விளக்குகளைக் கவனிக்க வேண்டும். ‘பவர்’ விளக்கு எரியாவிட்டால் அடாப்டர், சுவிட்ச், மின்சாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. வேறு கருவியின் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காக அதை மாட்டக் கூடாது. அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு பெட்டியில் உள்ளதற்குச் சமமாகவும், ஆம்பியர் அளவு அதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

‘பான்’ என்று குறித்த விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி சரியாக வருகிறது என்று பொருள். ‘லாஸ்’ என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ ஒளி வரவில்லை என்று அறியலாம். இழை அறுந்திருக்கலாம், எலி அல்லது அணில் கடித்திருக்கலாம், பீரோவை நகர்த்தும்போது சுவரோரம் மடங்கி நசுங்கியிருக்கலாம். ஒளியிழை கண்ணாடியால் ஆனது. மின்கம்பியைப் போல முறுக்கிச் சுருட்டவோ கூர்மையாக மடக்கவோ கூடாது. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். சுருளை விரித்து, சொருகியுள்ள முனை இறுக்கமாக உள்ளதா என்று பார்க்கலாம். முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. கண்ணுக்கு ஊறு செய்யக்கூடியது. சிவப்பு விளக்கு அணையாவிட்டால் இணைப்பு தரும் நிறுவனத்திற்குத் தெரிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணினியில் எதை மாற்றினாலும் பயன் இராது.

விளக்குகள் எல்லாம் சரியாக எரிந்தும் இணையம் வராவிட்டால், மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் பழுது இவ்வளவுதான்.

கணினியில் உள்ள பழுது

மேசைக் கணினி வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மடிக்கணினிகளில் வை-ஃபை ஏற்பி உள்ளேயே அமைந்திருக்கும். மேசைக் கணினிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. வை-ஃபை என்ற குறியே திரையில் தோன்றாவிட்டால், ஏற்பியே இல்லாமல் இருக்கலாம். இதற்கு ரூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. யு.எஸ்.பி. துளையில் சொருகும் சிறிய ஏற்பி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போதும். இரு அலைவரிசைகளையும் ஏற்கும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்பி இருந்தும் குறி தோன்றாவிட்டால், ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பகுதியில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ வரிசையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால், ஏற்பியை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள் சரியாகப் பதியவில்லை. அதை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், இணையமோ இல்லை. இந்தச் சிக்கலுக்கு எளிய வழி உள்ளது. கைப்பேசியைச் சார்ஜ் கம்பி மூலம் கணினியில் சொருகி, ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்கினால், கைப்பேசியின் இணையம் கம்பி வழியே கணினிக்கு வரும். அதைக் கொண்டு கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய மாடலுக்கான டிரைவரை எடுத்துப் பதியலாம்.

குறி இருந்தும் வேலை செய்யாவிட்டால், விமானக் குறியிட்ட ‘ஏரோப்ளேன் மோட்’ தவறுதலாக இயங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியில் வை-ஃபையை நிறுத்தும் விசை தட்டச்சுப் பலகையின் மேல் வரிசையில் இருக்கலாம். குழந்தைகள் தொட்டு நிறுத்திவிடுவது உண்டு.

தேதியையும் நேரத்தையும் பார்ப்பது அவசியம். கணினியின் தேதி தவறாக இருந்தால், வங்கி, அரசுத் தளங்களின் பாதுகாப்புச் சான்று காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தோன்றி, ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வரும். தேதியைத் திருத்தினால் தளம் திறக்கும்.

ஒத்துப்போகாத நிலை

மேற்கூறிய மூன்றாவது முடிவு கிடைத்தவர்கள் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

கடவுச்சொல்: பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் மாறிப்போவது வழக்கம். பொருத்துபவர் வந்த நாளிலேயே வேறு சொல் வைத்திருக்கவும் கூடும். முன்பு தவறாகப் பதிந்திருந்தால், கணினியில் அந்த இணைப்பின் பெயரைத் தேர்ந்து ‘ஃபர்கெட்’ என்று கொடுத்துவிட்டு, புதிதாக இணைக்க வேண்டும்.

அலைவரிசை: பல ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது தொலைவு செல்லும், வேகம் குறைவு. இரண்டாவது வேகமானது, சுவரைத் தாண்டும்போது மிகவும் வலுவிழக்கும். பழைய ஏற்பி 5-ஐக் காணாது. ரூட்டர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் காட்டினால், தொலைவில் உள்ள கணினிக்கு 2.4 பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதுகாப்பு முறை: பழைய ரூட்டரில் ‘டபிள்யூ.இ.பி.’ போன்ற வலுவற்ற முறை வைக்கப்பட்டிருந்தால், புதுக் கணினி அதை எச்சரிக்கும் அல்லது மறுக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘டபிள்யூ.பி.ஏ.2’ அல்லது அதற்குப் பிந்தைய ‘டபிள்யூ.பி.ஏ.3’ என்று மாற்ற வேண்டும். புதிய முறை மட்டும் வைக்கப்பட்டு, ஏற்பி பழையதாக இருந்தால், இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

முகவரி: ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. எண் வழங்குகிறது. கணினியின் வை-ஃபை விவரப் பக்கத்தில் இதைக் காணலாம். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரி. 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது வை-ஃபையை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். தீராவிட்டால் ரூட்டரை நிறுத்தித் தொடங்க வேண்டும். குறித்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும்படி ரூட்டரில் பட்டியல் வைத்திருந்தால், அதில் புதுக் கணினியையும் சேர்க்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால், அதே விவரப் பக்கத்தில் ‘கேட்வே’ என்று குறித்துள்ள ரூட்டரின் எண்ணை உலாவியில் தட்ட வேண்டும். பல பெட்டிகளில் அது 192.168.1.1 என்றிருக்கும். ரூட்டரின் பக்கம் திறந்தால் வாய்க்காலும் மடையும் நன்றாக உள்ளன என்று உறுதியாகக் கொள்ளலாம். கைப்பேசியில் எல்லாத் தளமும் திறந்து, கணினியில் மட்டும் திறக்காவிட்டால், கணினியில் ‘வி.பி.என்.’ இயங்குகிறதா, ‘டி.என்.எஸ்.’ எண் தவறாகப் பதியப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். ‘டி.என்.எஸ்.’ எண்ணைத் ‘தானியங்கி’ நிலையில் விடுவதே நல்லது.

சுவரும் மூட்டையும்

ரூட்டர் உள்ள கூடத்தில் கணினி நன்றாக வேலை செய்து, உள் அறையில் மட்டும் செய்யாவிட்டால் அது பழுதல்ல. அலை எட்டாத குறை. செஞ்சிப் பகுதியில் கருங்கல் சுவரும், ஒன்றரை அடிக் கனமுள்ள பழைய செங்கல் சுவரும் கொண்ட வீடுகள் உண்டு. இத்தகைய சுவர் இரண்டைக் கடந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் தேய்ந்துவிடும். இரும்பு பீரோ, தகரக் குதிர், தகரக் கூரை ஆகியவை அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர்த் தொட்டியும், ஈரம் குறையாத நெல் மூட்டை அடுக்கும் அலையை உறிஞ்சும். அறுவடைக் காலத்தில் கூடத்தில் மூட்டை அடுக்கியதும் இணையம் மந்தமானால், காரணத்தை அங்கேயே தேட வேண்டும்.

எனவே ரூட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். பீரோ மேலோ, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கணினி நிரந்தரமாக ஓரிடத்தில் இருக்குமானால், ரூட்டரிலிருந்து ‘லேன்’ கம்பி இழுத்துச் சொருகுவதே மேல். இக்கம்பி 100 மீட்டர் வரை பயன் தரும். சுவர் அதற்குத் தடையாகாது. பம்புசெட் அறைக்குத் திறந்த வெளியில் இக்கம்பியை இழுத்தால் இடியால் இரு முனைக் கருவிகளும் கெட வாய்ப்புள்ளது. அதற்கு ஒளியிழையே ஏற்றது.

‘ரீஸ்டார்ட்’ வேறு, ‘ரீசெட்’ வேறு

சுவிட்சை நிறுத்தித் திரும்பப் போடுவது ‘ரீஸ்டார்ட்’. இதனால் கேடு எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் ஒளியிழைப் பெட்டியைப் போட வேண்டும். ‘பான்’ விளக்கு நிலைத்த பிறகு ரூட்டரையும், இறுதியில் கணினியையும் போட வேண்டும். கிணற்றிலிருந்து வயலுக்கு என்ற அதே வரிசைதான்.

சிறு துளைக்குள் அழுத்துவது ‘ரீசெட்’. இது பெட்டியில் பதிந்துள்ள பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் வைத்த அமைப்புகள் ஆகியவற்றை அழித்துவிடலாம். பிறகு நிறுவனத்தின் ஆள் வந்து பதிந்தால்தான் இணையம் வரும். காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று இதைச் செய்தவர் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தார் சொன்னாலன்றி அத்துளையைத் தொடக் கூடாது.

மின்தடையும் இடியும்

மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில், 12 வோல்ட் பெட்டிகளுக்கென விற்கப்படும் சிறிய பாட்டரிப் பெட்டி பயனுள்ளது. இடி மின்னலின்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். ஒளியிழை கண்ணாடியானதால் மின்சாரத்தைக் கடத்தாது; கேடு மின்கம்பி வழியாகவே வருகிறது.

முன்னெச்சரிக்கை

பழுது இருக்கும் நேரத்தில் ‘இணைப்பைச் சரி செய்கிறோம்’ என்று சொல்லி வரும் அழைப்புகளில் எச்சரிக்கை தேவை. ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும், அவர் சொல்லும் செயலியைப் பதிவதும் வங்கிக் கணக்கையே காலி செய்துவிடும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

இணைப்பு எண், நிறுவனத்தின் புகார் எண், வை-ஃபை பெயர், கட்டணம் முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். விளக்குகள் நன்றாக எரியும் நாளில் பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், பழுது வந்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். புகார் செய்யும்போது ‘இணையம் வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘லாஸ் விளக்கு சிவப்பாக உள்ளது’ என்றோ, ‘கைப்பேசிக்கு வருகிறது, கணினிக்கு வரவில்லை’ என்றோ சொன்னால் வேலை விரைவில் முடியும்.

அவசரப் பதிவு இருந்தால் பழுதைத் தேடிக்கொண்டே நேரத்தைக் கழிக்கக் கூடாது. ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தோ, அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திலோ பதிவை முதலில் முடித்துவிட்டு, பழுதைப் பிறகு பார்க்கலாம். விவசாயிகள் இம்முறைகளைக் கையாண்டு, வீண் செலவையும் கால இழப்பையும் தவிர்த்துப் பயன் பெறலாம்.